சூத்திரத்திலிருந்து கொதிநிலை வரை: பங்கீட்டுவலுப் பிணைப்பைப் புதிதாகப் படிக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு

நீரின் மூலக்கூற்றுத் திணிவு 18. மெதேனின் திணிவு 16. பாரத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆனால் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. மெதேனோ பூச்சியத்துக்குக் கீழே 161 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. 260 பாகைக்கு மேற்பட்ட இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? யாருடைய குறிப்பையும் பார்க்காமல், சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடிந்தால், உயர்தர இரசாயனவியலின் இரண்டாம் அலகான ‘கட்டமைப்பும் பிணைப்பும்’ உங்கள் கைக்குள் வந்துவிட்டது.

சாதாரண தரம் முடித்து, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ வவுனியாவிலோ உயர்தர வகுப்பில் காலடி எடுத்து வைக்கும் பிள்ளைகள் பலர் இந்த அலகைப் பாடமாக்கும் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நீர் முனைவுள்ளது (ஒரு பக்கம் சற்று எதிர் ஏற்றமும் மறு பக்கம் சற்று நேர் ஏற்றமும் கொண்டது), காபனீரொட்சைட்டு முனைவற்றது என்று நீளமாகப் பட்டியல் எழுதி வைக்கிறார்கள். பட்டியலில் இல்லாத ஒரு மூலக்கூறு வினாத்தாளில் வந்ததும் கை நின்றுவிடுகிறது. அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். முதலில் இலத்திரனை எண்ண வேண்டும், பிறகு கட்டமைப்பை வரைய வேண்டும், பிறகு வடிவம், பிறகு முனைவு, கடைசியில் விசை. இந்த ஒழுங்கில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் விடை பிழைக்கும்.

தேவையானவை அதிகமில்லை. சதுரக்கோட்டுக் கொப்பி, பென்சில், அழிறப்பர், ஓர் ஆவர்த்தன அட்டவணை. இவற்றோடு குளத்தங்கரையில் எடுத்த ஒரு பிடி களிமண்ணும், விளக்குமாற்றிலிருந்து உருவிய நாலைந்து ஈர்க்குகளும். களிமண்ணும் ஈர்க்கும் விளையாட்டுக்கு அல்ல. மூன்றாம் படியில் அவை இல்லாமல் முடியாது.

தொடங்குமுன்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

கேத்திலில் தண்ணீர் கொதிக்கிறது. மேலே வரும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? புதிதாகப் படிப்பவர்களிடம் கேட்டால், ‘ஐதரசனும் ஒட்சிசனும்’ என்று ஒரு சிலராவது சொல்வார்கள். குமிழிக்குள் இருப்பது நீர்தான், ஆவியான நீர். கொதிக்கும்போது நீர் மூலக்கூறு ஒன்றுகூட உடைவதில்லை.

எண்களைப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஒரு மூல் ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 463 கிலோயூல் வேண்டும். ஒரு மூல் நீரில் அப்படிப்பட்ட பிணைப்புகள் இரண்டு மூல் இருக்கின்றன. ஆகவே எல்லாவற்றையும் உடைக்க 900 கிலோயூலுக்கு மேல் தேவை. ஆனால் 100 பாகையில் ஒரு மூல் நீரை ஆவியாக்க 41 கிலோயூலே போதும். இந்த 41 கிலோயூல் செலவாவது மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கத்தான். மூலக்கூறுக்கு உள்ளே அணுக்களைப் பிடித்து வைத்திருப்பது பங்கீட்டுவலுப் பிணைப்பு. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் இடையில் இருப்பது மூலக்கூற்றிடை விசை. முன்னது பலமானது, பின்னது அதோடு ஒப்பிட்டால் மிக மெலிந்தது. கொதிநிலை, உருகுநிலை, கரைதிறன் என்று கேள்வி வந்தால் பின்னதைப் பற்றித்தான் பேச வேண்டும். இதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொண்டால் இந்த அலகில் போகும் புள்ளிகளில் பெரும் பங்கைக் காப்பாற்றிவிடலாம்.

முதலாம் படி: இலத்திரனை எண்ணுதல்

இரண்டு ஐதரசன் அணுக்கள் நெருங்கும்போது, ஒவ்வொன்றின் கருவும் மற்றதன் இலத்திரனையும் கவரத் தொடங்குகிறது. இரண்டு கருக்களும் ஒரே இலத்திரன் சோடியைப் பிடித்திழுப்பதால் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. கருக்களுக்கிடையே 74 பிக்கோமீற்றர் தூரம் இருக்கும்போது சக்தி மிகக் குறைவு. அதைவிட நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். இந்தப் பிணைப்பை முறிக்க மூலுக்கு 436 கிலோயூல் வேண்டும். சோடியாகப் பகிர்ந்துகொள்ளும் இலத்திரன்கள்தான் பிணைப்பு என்ற கருத்தை 1916இல் முன்வைத்தவர் அமெரிக்கரான கில்பேட் இலூயிசு. நாம் புள்ளியும் கோடும் போட்டு வரையும் படம் அவருடைய பெயரால் வழங்குகிறது.

எண்ணும் முறை எளிது. எல்லா அணுக்களினதும் வலுவளவு இலத்திரன்களை, அதாவது வெளி ஓட்டிலுள்ள இலத்திரன்களை, கூட்டுங்கள். எதிர் ஏற்றம் இருந்தால் அத்தனையைச் சேருங்கள். நேர் ஏற்றம் இருந்தால் அத்தனையைக் கழியுங்கள். வந்த தொகையைக் கொப்பியின் மூலையில் எழுதி வட்டமிடுங்கள். அந்த எண் கடைசி வரைக்கும் மாறக்கூடாது.

இரண்டாம் படி: இலூயிசு கட்டமைப்பு

மெதனலை, அதாவது போமல்டிகைட்டை, எடுத்துப் பார்ப்போம். ஒரு காபன், ஓர் ஒட்சிசன், இரண்டு ஐதரசன். காபனுக்கு 4, ஒட்சிசனுக்கு 6, ஐதரசன்கள் இரண்டுக்கும் 2, மொத்தம் 12. நடுவில் எதை வைப்பது? மின்னெதிர்த்தன்மை (பகிர்ந்த சோடியைத் தன் பக்கம் இழுக்கும் வலு) குறைந்த அணுவை. ஐதரசன் மட்டும் விலக்கு. அது ஒரு பிணைப்புக்கு மேல் வைத்துக்கொள்ளாததால் எப்போதும் ஓரத்திலேயே நிற்கும். ஆகவே காபன் நடுவில். சுற்றியுள்ள மூன்று அணுக்களோடும் ஒவ்வொரு கோடு போடுங்கள். மூன்று கோடுகளில் 6 இலத்திரன்கள் செலவு, மிச்சம் 6. மிச்சத்தை முதலில் ஓரத்து அணுவுக்குக் கொடுக்க வேண்டும். ஆறையும் ஒட்சிசனைச் சுற்றி மூன்று தனிச்சோடிகளாக (பிணைப்பில் சேராத சோடிகளாக) வையுங்கள். ஐதரசன் தவிர்ந்த அணுக்களைச் சுற்றிப் பெரும்பாலும் எட்டு இலத்திரன்கள் நிறைய வேண்டும். இப்போது ஒட்சிசனுக்கு எட்டு நிறைந்துவிட்டது. காபனைப் பார்த்தால் ஆறுதான். குறை இருக்கிறது, கையிலோ மிச்சமில்லை. அப்படியானால் ஒட்சிசனின் ஒரு தனிச்சோடியை எடுத்துக் காபனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையில் இரண்டாவது கோடாக மாற்றுங்கள். காபனுக்கும் எட்டு, ஒட்சிசனுக்கும் எட்டு. இனித் திரும்ப எண்ணுங்கள்: கோடுகள் நான்கில் 8, தனிச்சோடிகள் இரண்டில் 4, மொத்தம் 12. மூலையில் வட்டமிட்ட எண்ணோடு பொருந்துகிறது.

திரும்ப எண்ணும் அந்த ஒரு நிமிடத்தைப் பரீட்சை மண்டபத்திலும் விட்டுவிடாதீர்கள்.

எட்டுக்கு அடங்காதவையும் உண்டு. போரன் முப்புளோரைட்டில் போரனைச் சுற்றி ஆறுதான். பொசுபரசு ஐங்குளோரைட்டில் பத்து, கந்தக அறுபுளோரைட்டில் பன்னிரண்டு. மூன்றாம் ஆவர்த்தனத்திலிருந்துதான் எட்டைத் தாண்ட முடியும். காபன், நைதரசன், ஒட்சிசன், புளோரீன் ஆகிய நான்கையும் எட்டுக்கு மேல் ஏற்றிவிட்டால் படம் நிச்சயம் பிழை.

மூன்றாம் படி: களிமண்ணும் ஈர்க்கும்

இலூயிசு படம் தட்டையானது. மூலக்கூறு தட்டையானதல்ல. இந்தப் படியில் சற்று நேரம் தங்கியே ஆக வேண்டும்.

1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் ஒழுங்குபடுத்தித் தந்த கொள்கையை நாம் வலுவளவு ஓட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கை என்று படிக்கிறோம். பெயர் நீளம், உள்ளடக்கம் சின்னது. மைய அணுவைச் சுற்றியுள்ள இலத்திரன் கூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். முடிந்த அளவு விலகி நிற்கும். கூட்டங்களை எண்ணும்போது ஒற்றைப் பிணைப்பு ஒன்று, இரட்டைப் பிணைப்பும் ஒன்று, மும்மைப் பிணைப்பும் ஒன்று, ஒவ்வொரு தனிச்சோடியும் ஒன்று. இரண்டு கூட்டங்கள் என்றால் நேர்கோடு, 180 பாகை. மூன்று என்றால் தள முக்கோணம், 120 பாகை. நான்கு என்றால் நான்முகி, 109.5 பாகை. ஐந்தும் ஆறும் பின்னால் வரும். இந்த மூன்றும் கைக்கு வந்தால் அவை தாமாகப் பிடிபடும்.

களிமண்ணில் நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்று பிடியுங்கள். அதில் நான்கு ஈர்க்குத் துண்டுகளை, ஒன்றிலிருந்து ஒன்று இயன்ற மட்டும் விலகியிருக்கும்படி குத்துங்கள். அநேகமாக எல்லோரும் முதலில் கூட்டல் குறி போல மேசையில் படுக்கவைத்துக் குத்துவார்கள். அப்படிக் குத்தினால் இடைக்கோணம் 90 பாகைதான். ஒரு ஈர்க்கை மேலே நிமிர்த்தி, மற்ற மூன்றையும் கீழே முக்காலி போலச் சாய்த்தால் கோணம் 109.5க்கு விரிகிறது. எந்தப் பக்கம் உருட்டி வைத்தாலும் அது மூன்று காலில் நிற்கும். அதுதான் மெதேன்.

இப்போது ஒரு ஈர்க்கைத் தனிச்சோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் அணு எதுவும் இல்லை. மிச்சம் மூன்று நுனிகளில் ஐதரசன். அதுதான் அமோனியா: முக்கோணக் கூம்பகம். தனிச்சோடி பிணைப்புச் சோடியைவிடக் கூடுதலாகத் தள்ளுவதால் கோணம் 107 பாகையாகச் சுருங்குகிறது. இரண்டு ஈர்க்குகளைத் தனிச்சோடிகள் ஆக்கினால் நீர்: கோண வடிவம், 104.5 பாகை. வடிவத்தின் பெயரைச் சொல்லும்போது அணுக்கள் இருக்கும் இடங்களை மட்டும் பார்க்க வேண்டும். தனிச்சோடிகள் வடிவத்தை வளைக்கின்றன, பெயரில் வருவதில்லை. நீரை ‘நான்முகி’ என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

களிமண்ணின் அருமை இருகுளோரோமெதேனில் தெரியும். காபனைச் சுற்றி இரண்டு குளோரீன், இரண்டு ஐதரசன். தாளில் வரைந்தால் குளோரீன்களை எதிரெதிரே வைக்கலாம், பக்கத்துப் பக்கத்திலும் வைக்கலாம். எதிரெதிரே வைத்த படத்தைப் பார்த்து ‘ஈர்ப்புகள் சமப்படுகின்றன, முனைவற்றது’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. களிமண்ணில் செய்து பாருங்கள். எந்த இரண்டு நுனிகளில் குளோரீனை வைத்தாலும், சற்றுச் சுழற்றினால் அதே உருவம்தான் கிடைக்கும். எதிரெதிர் என்ற நிலையே நான்முகியில் இல்லை. அந்த மூலக்கூறு ஒன்றே ஒன்று, அது முனைவுள்ளது.

நான்காம் படி: பிணைப்பு முனைவுள்ளதா?

பகிர்ந்த சோடியை எந்த அணு தன் பக்கம் கூடுதலாக இழுக்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். லைனஸ் போலிங் 1932இல் அதை அமைத்தார். சில பெறுமானங்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: புளோரீன் 4.0, ஒட்சிசன் 3.5, நைதரசன் 3.0, குளோரீன் 3.0, புரோமீன் 2.8, காபன் 2.5, கந்தகம் 2.5, ஐதரசன் 2.1. வித்தியாசம் பெரிதானால் பிணைப்பு கூடுதலாக முனைவுற்றிருக்கும். கூடுதலாக இழுக்கும் அணுவின் மேல் சிறிய எதிர் ஏற்றமும் மற்றதன் மேல் சிறிய நேர் ஏற்றமும் தோன்றும். காபன்–ஐதரசன் வித்தியாசம் 0.4 மட்டும் என்பதால் அதை முனைவற்றதாகவே கொள்ளலாம்.

வித்தியாசம் 1.7ஐத் தாண்டினால் அயன் பிணைப்பு என்று ஒரு விதியைச் சிலர் சுவர் மாதிரி வைத்திருக்கிறார்கள். ஐதரசன் புளோரைட்டில் வித்தியாசம் 1.9, ஆனாலும் அது மூலக்கூறாகவே இருக்கும் பங்கீட்டுவலுச் சேர்வை. அந்த எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மூலக்கூறு முனைவுள்ளதா?

முனைவுள்ள பிணைப்பு இருப்பதால் மட்டும் மூலக்கூறு முனைவுள்ளதாகிவிடாது. கோயில் திருவிழாவில் கயிறிழுக்கும்போது இரு பக்கமும் சம பலம் என்றால் கயிறு அசையாது. காபனீரொட்சைட்டில் அதுதான் நடக்கிறது: இரண்டு ஒட்சிசனும் நேர்கோட்டில், எதிரெதிர்த் திசையில், ஒரே அளவில் இழுக்கின்றன, இருமுனைவுத் திருப்புதிறன் (மூலக்கூற்று முனைவின் அளவு) பூச்சியம். நீரில் இரண்டு இழுப்புகளும் ஒரே பக்கம் சாய்ந்து கூடுகின்றன, திருப்புதிறன் 1.85 டிபை (டிபை அதன் அலகு). கந்தகவீரொட்சைட்டும் காபனீரொட்சைட்டைப் போலவே ஓர் அணுவுக்கு இரண்டு ஒட்சிசன் கொண்டதுதான். ஆனால் கந்தகத்தின் மேல் ஒரு தனிச்சோடி இருப்பதால் மூலக்கூறு வளைந்துவிடுகிறது, முனைவுள்ளதாகிறது. சூத்திரத்தின் தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு இந்தச் சோடியே போதும்.

வேகமாகச் சோதிக்க ஒரு வழி: மைய அணுவின் மேல் தனிச்சோடி இல்லை, சுற்றியுள்ள அணுக்கள் எல்லாம் ஒரே வகை என்றால் மூலக்கூறு முனைவற்றது. காபன் நாற்குளோரைட்டு, போரன் முப்புளோரைட்டு, கந்தக அறுபுளோரைட்டு எல்லாம் இதில் அடங்கும். ஓர் அணுவை மாற்றினாலும் சமநிலை குலையும். காபன் நாற்குளோரைட்டின் ஒரு குளோரீனை ஐதரசனாக்கினால் குளோரோபோம், முனைவுள்ளது. தனிச்சோடி இருந்தால் பெரும்பாலும் முனைவுள்ளது. தனிச்சோடிகளே எதிரெதிரே நின்று சமப்படும் செனன் நாற்புளோரைட்டு போன்றவை விதிவிலக்கு.

அமோனியாவையும் நைதரசன் முப்புளோரைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் முக்கோணக் கூம்பகம். புளோரீன் பலமாக இழுப்பதால் இரண்டாவதுதான் கூடுதல் முனைவுள்ளதாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அமோனியாவுக்கு 1.47 டிபை; நைதரசன் முப்புளோரைட்டுக்கு 0.23 மட்டும். அமோனியாவில் பிணைப்பு இலத்திரன்கள் நைதரசன் பக்கம் இழுபடுகின்றன, தனிச்சோடியும் அதே பக்கம், இரண்டும் கூடுகின்றன. மற்றதில் பிணைப்பு இலத்திரன்கள் புளோரீன் பக்கம் போகின்றன, தனிச்சோடியோ எதிர்ப்பக்கம், பெருமளவு கழிந்துவிடுகின்றன. களிமண் உருவத்தின் மேல் பேனாவால் அம்புக்குறி போட்டுப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

ஒரு பரிசோதனையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சீப்பால் உலர்ந்த தலைமயிரை வாரி, மெல்லிதாக விழும் குழாய்த் தண்ணீருக்கு அருகே பிடித்தால் தண்ணீர் வளைகிறது. நீர் முனைவுள்ளது என்பதற்கு இதை நிரூபணமாகக் காட்டுவது வழக்கம். பார்க்க அழகான பரிசோதனைதான். ஆனால் அந்த வளைவுக்கு முதன்மைக் காரணம், சீப்பின் ஏற்றம் தண்ணீர்த் தாரையில் எதிர் வகை ஏற்றத்தைத் தூண்டித் தாரையையே ஏற்றமுள்ளதாக்குவது. முனைவுக்கு நிரூபணமாக அதை எழுத வேண்டாம்.

ஆறாம் படி: மூலக்கூறுகளுக்கு இடையே

முதலில் இலண்டன் விசை. எல்லா மூலக்கூறுகளுக்கும், தனித்து நிற்கும் ஈலியம் அணுவுக்கும்கூட இது உண்டு. இலத்திரன்கள் ஓயாமல் அசைவதால் ஒரு கணத்தில் ஒரு பக்கம் கூடிவிடுகின்றன, அந்தக் கண நேர இருமுனைவு பக்கத்து மூலக்கூறிலும் ஒன்றைத் தூண்டுகிறது, இரண்டும் கவர்கின்றன. இதை 1930இல் சொட்டு (குவாண்டம்) இயக்கவியல் கொண்டு விளக்கியவர் பிரிட்ஸ் இலண்டன். இலத்திரன் எண்ணிக்கை கூடக் கூட இந்த விசை கூடும். புளோரீன் –188 பாகையிலும், குளோரீன் –34இலும், புரோமீன் 59இலும், அயடீன் 184இலும் கொதிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த விசையை வன்னியில் ஒரு தலைமுறை முழுவதும் கையாண்டிருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் வராமல் நின்றபோது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் உயிர் பெறாது. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து இயக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறவிடுவார்கள். வீட்டில் அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கையசைத்துச் சொல்லிக் காட்டுவார். பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஐதரோகாபன்கள்தான், இரண்டும் முனைவற்றவை. பெற்றோலின் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை ஐந்து முதல் பத்து வரை காபன் கொண்டவை. மண்ணெண்ணெயில் பத்து முதல் பதினாறு வரை. சங்கிலி நீளும்போது இலத்திரன்கள் கூடும், இலண்டன் விசை கூடும், ஆவியாவது கடினமாகும். எரிவதற்கோ ஆவி வேண்டும். குளிர்ந்த காபரேற்றரில் பெற்றோல் ஆவியாகும். மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது. இயந்திரம் சூடானதும் அந்த வெப்பமே மண்ணெண்ணெய் மூலக்கூறுகளைப் பிரித்துவிடுகிறது.

வடிவத்துக்கும் பங்குண்டு. மார்கழி, தை மாதத்துப் பனிக் காலையில் போத்தலிலுள்ள தேங்காய் எண்ணெய் வெண்மையாக உறைந்திருக்கும். பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உருகுவது. அதன் கொழுப்பமிலச் சங்கிலிகளில் முதன்மையானது 12 காபன் கொண்டது. நல்லெண்ணெயிலுள்ளவை பெரும்பாலும் 18 காபன் கொண்டவை. நீளத்தை மட்டும் பார்த்தால் நல்லெண்ணெய்தான் முதலில் உறைய வேண்டும். ஆனால் அதன் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் அவை வளைந்து நிற்கின்றன. நெருக்கமாக அடுக்க முடிவதில்லை. தேங்காய் எண்ணெயின் நிரம்பிய சங்கிலிகள் நேராக இருப்பதால் ஒட்டி அடுக்குகின்றன. அதே ஐந்து காபன் கொண்ட பென்ரேன் சமபகுதியங்களில் (ஒரே சூத்திரம், வேறு கட்டமைப்பு உடையவை), நீண்ட சங்கிலி 36 பாகையிலும் உருண்டை வடிவினது 9.5 பாகையிலும் கொதிப்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்தது இருமுனைவு–இருமுனைவு விசை. நிரந்தர முனைவுள்ள மூலக்கூறுகளுக்கு இடையே, இலண்டன் விசைக்கு மேலதிகமாக இது வரும். பியூட்டேனுக்கும் புரொப்பனோனுக்கும் திணிவு 58தான். முன்னது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயும் பின்னது 56 பாகையிலும் கொதிக்கின்றன. ஆனால் இந்த விசையைப் பிள்ளைகள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். ஐதரசன் குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு என்று போகப் போக முனைவு குறைகிறது; கொதிநிலையோ –85, –67, –35 என்று கூடுகிறது. முனைவுள்ள குளோரோபோம் 61 பாகையில் கொதிக்க, முனைவற்ற காபன் நாற்குளோரைட்டு 77 பாகை வரை தாக்குப்பிடிக்கிறது. இலத்திரன்கள் கூடிய மூலக்கூறில் இலண்டன் விசை வென்றுவிடுகிறது. ஆகவே ஒப்பிடுமுன் திணிவுகள் கிட்டத்தட்டச் சமமா என்று பாருங்கள். சமமென்றால் முனைவைப் பேசலாம். சமமில்லையென்றால் இலண்டன் விசையை முதலில் நிறுங்கள்.

மூன்றாவது ஐதரசன் பிணைப்பு. இதற்கு இரண்டு பேர் வேண்டும்: நைதரசன், ஒட்சிசன், புளோரீன் ஆகிய மூன்றில் ஒன்றோடு நேரடியாகப் பிணைந்த ஐதரசன், பக்கத்து மூலக்கூறில் அதே மூன்றில் ஒன்றின் தனிச்சோடி. பெயரில் பிணைப்பு என்று இருந்தாலும் நீரில் இதன் பலம் மூலுக்கு ஏறத்தாழ 20 கிலோயூல். முன்னே பார்த்த 463ஓடு ஒப்பிடுங்கள்.

‘நேரடியாக’ என்ற சொல்லுக்குக் கீழே கோடிடுங்கள். எதனோலும் இருமெதைல் ஈதரும் ஒரே மூலக்கூற்றுச் சூத்திரம் உடையவை. எதனோலில் ஐதரசன் ஒட்சிசனோடு இருக்கிறது, கொதிநிலை 78. ஈதரில் ஐதரசன்கள் எல்லாம் காபனோடு, கொதிநிலை –25. புளோரோமெதேனில் புளோரீனும் உண்டு, ஐதரசனும் உண்டு. ஆனாலும் அந்த மூலக்கூறுகளுக்கிடையே ஐதரசன் பிணைப்பு இல்லை.

இப்போது முதற் கேள்விக்கு விடை சொல்லலாம். மெதேன் நான்முகி, முனைவற்றது, இருப்பது இலண்டன் விசை மட்டும், அதுவும் பத்தே இலத்திரன்களுக்கு இடையில். நீருக்கும் பத்தே இலத்திரன்கள்; ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஐதரசன்களைக் கொடுக்கவும் இரண்டு தனிச்சோடிகளில் ஏற்கவும் கூடியது; நான்கு ஐதரசன் பிணைப்புகள் வரை அமையலாம். ஐதரசன் புளோரைட்டின் ஒற்றை ஐதரசன் பிணைப்பு நீரினதைவிடப் பலமானது. இருந்தும் அதற்குக் கொடுக்க ஓர் ஐதரசன்தான் உண்டு, ஆகவே 19.5 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஐதரசன் பிணைப்புக்கு வழியில்லாத ஐதரசன் சல்பைட்டு நீரைவிடப் பாரமானதாக இருந்தும் –60 பாகையில் கொதிக்கிறது.

மேசையில் இதைக் காண ஒரு வழி: சுத்தமாகக் கழுவி உலர்த்திய இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்றில் துளித்துளியாகத் தண்ணீர் விடுங்கள். விளிம்பைத் தாண்டி உயர்ந்து குவிந்து, வழியாமல் நிற்கும். இன்னொரு குற்றியில் மருந்துக்கடைச் ஸ்பிரிற்றை விடுங்கள். விரைவிலேயே பரவி வழிந்துவிடும். நீரின் பரப்பிழுவிசை, எதனோலினதைப்போல மூன்று மடங்குக்கு மேல். குற்றியில் சவர்க்காரம் சிறிது ஒட்டியிருந்தாலும் குவிவு வராது. ஸ்பிரிற்றுக்குப் பக்கத்தில் விளக்கு எரியக்கூடாது.

ஏழாம் படி: கரையுமா, கரையாதா?

பழைய விசைகள் உடைவதற்கு ஈடாகப் புதிய விசைகள் உருவாக வேண்டும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் நீரில் கரையாததற்குக் காரணம், நீர் தனக்குள் வைத்திருக்கும் ஐதரசன் பிணைப்புகளை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாகப் பெறுவது மிகக் குறைவு என்பது. மெக்கானிக்கின் கையிலுள்ள கிறீசு தண்ணீருக்கு அசையாமல் மண்ணெண்ணெய்க்குக் கழன்றுவிடுவதும் இதனால்தான்.

வயலுக்குப் போடும் யூரியாவில் இந்தப் படி முழுவதையும் காணலாம். அதன் நடுவில் காபன். ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பில் ஒட்சிசன். மறு பக்கங்களில் நைதரசனோடு பிணைந்த நான்கு ஐதரசன்கள். கொடுக்கவும் ஏற்கவும் வாய்ப்பு மிகுந்த மூலக்கூறு. 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேல் கரைந்துவிடும். பழைய தகரப் பேணி ஒன்றில் கால்வாசி தண்ணீர் எடுத்து, இரண்டு பிடி யூரியாவைப் போட்டுக் கலக்குங்கள். பேணியின் வெளிப்புறத்தைத் தொட்டால் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போலக் குளிரும். ஈரமான நாளில் வெளியே வியர்வை போல நீர்த்துளி படியும். பளிங்கிலிருந்த விசைகளைப் பிரிக்கச் செலவான சக்தி, நீரோடு புதிதாக அமைந்த விசைகள் தந்த சக்தியைவிடக் கூடுதல். அந்தக் குறை, வெப்பமாகத் தண்ணீரிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்தப் பேணியைக் குடிப்பதற்கோ ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் வைப்பதற்கோ திரும்பப் பயன்படுத்தவே கூடாது. யூரியாத் தண்ணீர் கால்நடைகளுக்கு நஞ்சு.

ஆனையிறவு உப்பு கரைவது வேறு கதை. அங்கே மூலக்கூறு இல்லை, அயன்கள். நீரின் ஒட்சிசன் பக்கம் சோடியம் அயனையும், ஐதரசன் பக்கம் குளோரைட்டு அயனையும் சூழ்கின்றன.

விடை எழுதும் விதம்

‘எதனோலின் கொதிநிலை புரொப்பேனினதைவிட உயர்வாக இருப்பதேன்?’ என்ற கேள்வி வருகிறது. ‘எதனோலில் பலமான பிணைப்பு இருப்பதால்’ என்று எழுதினால் எந்தப் பிணைப்பு என்று தெரியாது, புள்ளி கிடைக்காது. இப்படி எழுதுங்கள்: இரண்டினதும் சார் மூலக்கூற்றுத் திணிவுகள் 46, 44, ஆகவே இலண்டன் விசைகள் ஏறத்தாழச் சமம். புரொப்பேன் மூலக்கூறுகளுக்கிடையே இலண்டன் விசை மட்டும் உண்டு. எதனோலில் ஒட்சிசனோடு பிணைந்த ஐதரசன் இருப்பதால் மூலக்கூறுகளுக்கிடையே ஐதரசன் பிணைப்பும் உண்டு. அவற்றைப் பிரிக்கக் கூடுதல் சக்தி தேவை. ஆகவே கொதிநிலை உயர்வு. விடையில் ‘மூலக்கூறுகளுக்கிடையே’ என்ற எண்ணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை வைக்க வேண்டும்.

பயிற்சிக்குச் சில சோடிகள்: அமோனியாவும் பொசுபீனும், காபனீரிசல்பைட்டும் கந்தகவீரொட்சைட்டும், மெதனோலும் எதேனும், போரன் முப்புளோரைட்டும் பொசுபரசு முக்குளோரைட்டும். ஒவ்வொன்றையும் எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள். படம் இல்லாமல் எந்த விடையையும் எழுதாதீர்கள். இவை எல்லாம் கைக்கு வந்தபின் கடைசியாக ஒன்று: ஓதோ நைத்திரோபீனோல் ஏறத்தாழ 45 பாகையிலும் பரா நைத்திரோபீனோல் 114 பாகையிலும் உருகுகின்றன. அணுக்கள் அதே அணுக்கள், எண்ணிக்கையும் அதே. இரண்டையும் பெரிதாக வரைந்து, ஒட்சிசனோடு இருக்கும் அந்த ஐதரசனுக்கு மிக அருகில் யாருடைய தனிச்சோடி இருக்கிறது, அது தன் மூலக்கூறினதா, அடுத்த மூலக்கூறினதா என்று பாருங்கள்.